மலை இறக்கத்தில் கற்ற பாடம்

மலைப்பாதையில் பளு இழுப்பது என்றதும் ஏற்றமே கடினம் என்று நாம் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். முசூரியிலிருந்து டேராடூனுக்கு இறங்கிய ஒரு பிற்பகல் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

நில அளவைப் பயிற்சி முகாம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஜீப்பை ஓட்டியவன் நான். பக்கத்தில் வயது முதிர்ந்த கார்வாலி ஓட்டுநர். பின் இருக்கையில் நண்பர் மூவர். அதற்கும் பின்னால் கூடாரங்களும் ஜெனரேட்டரும் ஏற்றிய டிரெய்லர். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடியே வந்தேன். பாதி வழியில் கருகல் நாற்றம் எழுந்தது. அடுத்த வளைவில் பிரேக் பஞ்சுபோல் அமுங்கியது, வேகமோ குறையவில்லை! "பேட்டா, கியரைக் குறை!" என்றார் பெரியவர். குறைத்தேன். கைப்பிரேக்கையும் மெல்ல இழுத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினோம்.

காரணம் என்ன? ஜீப்பும் டிரெய்லரும் சேர்ந்து 3,000 கிலோ என்று கொள்வோம். அவை ஏறத்தாழ 1,300 மீட்டர் கீழே இறங்குகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றல், 100 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அவ்வளவையும் பிரேக்கே தாங்கினால் அதன் பட்டைகள் பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியாகும். எண்ணெய் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதி பஞ்சானது அதனால்தான்.

எனவே இறக்கம் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு மாறிவிட வேண்டும். அப்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை ஓயாமல் தேய்க்காமல், விட்டுவிட்டு அழுத்த வேண்டும். சூடேறிய பிரேக்கின்மேல் தண்ணீர் ஊற்றலாகாது, விரிசல் விடக்கூடும். தானாக ஆறட்டும்.

பளு ஏற்றுவதிலும் ஒரு முறை உண்டு. கனமான பொருள்கள் அச்சுக்குச் சற்று முன்னால், தாழ்வாக இருக்க வேண்டும். டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொக்கியின்மேல் அமர்வது நன்று. பின்புறம் கனத்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். காப்புச் சங்கிலிகள் இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காகப் பூட்டுங்கள். கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாது.

ஏற்றத்திலோ வேறு தொல்லை. டர்போ இல்லாத எஞ்சின் 2,000 மீட்டர் உயரத்தில் தன் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். காற்று மெலிவதே காரணம். ஆகவே சமவெளியில் இழுத்த பளுவை மலையிலும் இழுக்கலாம் என்று நம்பாதீர்கள். குறுகிய பாதையில், ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சாலை விதி. நிறுத்தினால் சக்கரங்களுக்குக் கட்டை போட மறவாதீர்கள்.

அன்று அரைமணி நேரம் பிரேக்கை ஆறவிட்டோம். பிறகு பெரியவரே ஓட்டினார். இரண்டாம் கியர், பிரேக்கை மிதித்தது வெகு சில தடவைகளே. "எந்தக் கியரில் ஏறினாயோ, அந்தக் கியரில் இறங்கு" என்றார். ஏற்றம் எஞ்சினைச் சோதிக்கும். இறக்கம் ஓட்டுபவனையே சோதிக்கும் என்பதை அன்று உணர்ந்தேன்.