குருவிக் கூண்டில் ஒளிந்திருக்கும் திருடன்!

சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் கோவிலுக்குப் போகிறவர்கள் இரண்டு காரியம் செய்வது வழக்கம். வீட்டில் பாம்பு, தேள் நடமாட்டம் இருந்தால், அவற்றின் உருவத்தை வாங்கி உண்டியலில் போடுவார்கள். தோல் நோய் இருந்தால், புற்றுமண்ணைப் பிரசாதமாக எடுத்துப் பூசிக்கொள்வார்கள்.

பாம்பும் தேளும் கண்ணுக்குத் தெரியும். எளிதில் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் குடிக்கும் உயிர் ஒன்று உண்டு. பிள்ளைகள் ஆசையாக வளர்க்கும் பின்ச் குருவிகளின் கூண்டில் அது குடியிருக்கும்!

ஜீப்ரா பின்ச் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பறவை. எடை ஏறத்தாழ 12 கிராம்தான். இவ்வளவு சிறிய உடம்பில் எவ்வளவு இரத்தம் இருக்கும்? அதிலும் பங்கு கேட்டால் குருவி பிழைக்குமா?

இரவில் வரும் உண்ணி

அந்தத் திருடனின் பெயர் சிவப்பு உண்ணி. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இராது. பகலில் கூண்டின் இடுக்கிலும், குச்சியின் முனையிலும், முட்டையிடும் கலயத்திலும் பதுங்கியிருக்கும். இரவில் வெளியே வந்து இரத்தம் குடிக்கும். குஞ்சுகள் இரத்தம் இழந்து செத்துப்போகும்.

குருவி இரவில் தூங்காமல் படபடக்கிறதா? ஓயாமல் இறகைக் கோதுகிறதா? தாய்க் குருவி அடைகாக்காமல் எழுந்துவிடுகிறதா? அப்படியானால் கூண்டை இரவில் வெள்ளைத் துணியால் மூடுங்கள். விடியுமுன் டார்ச் விளக்கு அடித்துத் துணியின் உட்புறத்தைப் பாருங்கள். சிவப்புப் புள்ளிகள் ஊர்ந்தால், திருடன் அகப்பட்டுவிட்டான்!

உண்ணியின் வீடு கூண்டுதான். எனவே குருவிகளை வேறு சுத்தமான கூண்டுக்கு மாற்றுங்கள். பழைய நார்க் கூட்டையும் குச்சிகளையும் எரித்துவிடுங்கள். கூண்டின் இடுக்குகளில் கொதிக்கும் நீரை ஊற்றி, நல்ல வெயிலில் காய வையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் இதைச் செய்யுங்கள். முதலில் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும்.

இந்த உண்ணி பட்டினியாகவே பல மாதம் உயிர் வாழும். ஆகையால் பிறர் வைத்திருந்த காலிக் கூண்டையும் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது.

மூச்சுக்குழலில் உண்ணி

இன்னொரு வகை உண்ணி குருவியின் மூச்சுக்குழலிலும் காற்றுப் பைகளிலும் வாழ்கிறது. 1948-ம் ஆண்டில் லாரன்ஸ் என்பவர் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். தாய் இரை ஊட்டும்போது குஞ்சுக்கு இது தொற்றும். பாடிய குருவி பாடாமல் போகும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். காதை வைத்துக் கேட்டால் ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும். இதற்கு வீட்டு வைத்தியம் உதவாது.

ஒரு சொட்டில் 200 குருவிக்கு மருந்து!

இதற்கு ஐவர்மெக்டின் என்ற மருந்தை டாக்டர்கள் கொடுக்கிறார்கள். இந்த மருந்தும் மண்ணிலிருந்து வந்ததே! ஜப்பானில் இடோ நகரத்து மண்ணில் சதோஷி ஒமுரா கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து இது பிறந்தது. அவருக்கும் வில்லியம் காம்ப்பெல்லுக்கும் 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆட்டுக்குப் போடுவதும் இதே மருந்துதான். “ஆட்டுக்கு வாங்கியது மீதி இருக்கிறதே, ஒரு சொட்டு விட்டால் என்ன?” என்று தோன்றும். கணக்குப் பாருங்கள். 30 கிலோ ஆடு ஒன்று 2,500 குருவிகளின் எடைக்குச் சமம். நூற்றுக்கு ஒரு பங்கு மருந்துள்ள ஊசிமருந்தின் ஒரே சொட்டில், ஏறத்தாழ 200 குருவிகளுக்கான மருந்து இருக்கிறது. அது மருந்தல்ல, விஷம்! வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் கூண்டருகே வரக் கூடாது.

வருமுன் காக்க

புதிதாக வாங்கிய குருவியை 30 நாள் தனிக் கூண்டில் வைத்திருங்கள். கூண்டின் அடியில் காகிதம் விரித்துத் தினமும் மாற்றுங்கள். எச்சத்தின் வழியாகத்தான் குடல் ஒட்டுண்ணிகள் பரவுகின்றன. தண்ணீரையும் தினமும் மாற்றுங்கள். வெளிக் குருவிகள் கூண்டில் வந்து உட்கார விடாதீர்கள்.

நம் நாட்டுத் தினைக்குருவியைப் பிடித்து அடைப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

குருவி தன் நோயை மறைக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டால், நோய் முற்றிவிட்டது என்று பொருள். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில், இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

போகும்போது குருவியுடன், அன்றைய எச்சம் விழுந்த காகிதத்தையும் மடித்து எடுத்துச் செல்லுங்கள். குடலில் என்ன இருக்கிறது என்று டாக்டர் பரிசோதித்துப் பார்க்க அது உதவும்.