நிஷி-கசாயில் குடித்தனம்

டோக்கியோவுக்கு ஆன்சைட் போகிறோம் என்றால், விசா கிடைப்பது கணவரின் வேலைக்கு. அந்த ஊரோடு மல்லுக்கட்டுவது மனைவி. கணவரின் அலுவலகத்தில் ஆங்கிலம் ஓடும். பக்கத்து நாற்காலியில் ஒரு கோயம்புத்தூர்க்காரர் உட்கார்ந்திருப்பார். வார்டு ஆபீஸ் நோட்டீஸ், பள்ளிக்கூடச் சீட்டு, கேஸ் மீட்டர்க்காரர், மேல்வீட்டுப் பாட்டி எல்லாம் வீட்டில் இருப்பவள் கணக்கில்தான் வரும். எல்லாமே ஜப்பானிய மொழியில்.

நாங்கள் குடியிருப்பது நிஷி-கசாய். எடோகாவா வார்டில் இருக்கிறது. மாலையில் ரயில் நிலையக் கேட்டைத் தாண்டினால் தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் காதில் விழும். 2000-ஐ ஒட்டி ஒய்-டூ-கே பிரச்சினையைச் சரிசெய்ய ஜப்பானிய நிறுவனங்கள் மென்பொருள் ஆட்களை வரவழைத்தன. அவர்கள் வேலை பார்த்த ஓட்டேமாச்சி, நிஹோன்பாஷி பக்கமெல்லாம் இங்கிருந்து டோசாய் மெட்ரோவில் ஒரே ரயிலில் போய்விடலாம். கொல்கத்தாவிலிருந்து எழுபதுகளின் கடைசியிலேயே இங்கு வந்து தேயிலை வியாபாரம் செய்த ஜக்மோகன் சந்திரானி, சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாடிய அந்த இளைஞர்களுக்குச் சாப்பாட்டுக்கூடம் ஏற்படுத்தினார். நம் ஆட்கள் இங்கே சேர்ந்ததற்கு இன்னொரு காரணம் வீடு. யு.ஆர். என்கிற அரசு சார்ந்த குடியிருப்புகளில் ஜாமீன்தாரர் கேட்பதில்லை. வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத 'நன்றிப் பணம்' கொடுக்க வேண்டியதில்லை. வெளிநாட்டவருக்கு வீடு இல்லை என்ற பேச்சும் இல்லை. தனியாரிடம் வீடு தேடியபோது அந்தப் பேச்சையும் கேட்டோம். சென்னையில் 'வெஜிடேரியன் ஒன்லி' போர்டு பார்த்துப் பழகியவர்களுக்கு அதில் என்ன அதிர்ச்சி!

குடித்தனம் தொடங்கியதும் முதல் தகராறு மின்சாரத்தோடு. நம் ஊரில் 230 வோல்ட், ஜப்பானில் 100. துணிமணியைக் குறைத்துக்கொண்டு, பெட்டியில் சுற்றிச் சுற்றி வைத்துக் கொண்டுவந்த மிக்ஸி இங்கே முனகும், அரைக்காது. வோல்டேஜைக் கூட்டித் தர ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். செங்கல் மாதிரி கனக்கிற அந்தச் சாமான் நிஷி-கசாய்த் தமிழ் வீடுகளில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஊர் திரும்புகிறவர்கள் வாட்ஸ்அப் குழுவில் 'கட்டில், சைக்கிள், டிரான்ஸ்ஃபார்மர்' என்று போடுவார்கள். முதலில் போவது டிரான்ஸ்ஃபார்மர். அதை மாட்டிவிட்டாலும், ஹீட்டர் ஓடும்போது மிக்ஸியையும் போட்டால் வீட்டு மெயின் விழுந்துவிடும். சட்னியா, கதகதப்பா என்று ஜனவரியில் முடிவு செய்தாக வேண்டும். இட்லி மாவு அந்தக் குளிரில் பொங்காமல் அடம்பிடிப்பது தனிக் கதை.

சைவக்காரர்களுக்கு வெளிச் சாப்பாடு பெரும் கண்ணி. நூடுல்ஸ் குழம்பு, காய்கறிக் கூட்டு, சோயா பால்கட்டியின் மேல் ஊற்றும் சாறு எல்லாவற்றுக்கும் அடியில் மீன் இருக்கும். மாசிக்கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பியான கட்சுஓபுஷியைச் சீவிப்போட்டுக் கொதிக்கவைத்த நீர்தான் இந்தச் சமையலின் அஸ்திவாரம். 'மீன் இல்லை' என்று கடைக்காரர் சொன்னால், மீன் துண்டு இல்லை என்றுதான் பொருள். தூத்துக்குடிக்காரர்கள் ரசித்துச் சாப்பிடுகிறார்கள்.

பிறகு குப்பை. எரியும் குப்பை வாரம் 2 நாள், மறுசுழற்சிக்குப் போவது வாரம் 1 நாள், எரியாதது மாதம் 2 நாள். எதுவானாலும் காலை 8 மணிக்குள் வைத்துவிட வேண்டும். தவறாக வைத்த பையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அங்கேயே விட்டுப் போவார்கள். அந்தப் பை யாருடையது என்று மாடி முழுக்கத் தெரியும். பையின் மேல் வலை போட்டு மூடுவது காக்கைக்காக. டோக்கியோ காக்கைகள் நம் ஊர்க் காக்கைகளைவிடப் பெரியவை; அலகால் கிழித்துத் தெரு முழுக்க இறைத்துவிடும். அமாவாசைக்குச் சோறு வைத்துக் கூப்பிட்டு வளர்ந்தவர்கள் இங்கே கா கா என்று பால்கனியில் நின்றால் பக்கத்து வீட்டோடு உறவு அன்றோடு முடிந்தது.

இவற்றையெல்லாம்விட வேடிக்கை பெயர். ஜப்பானில் ஆளைக் கூப்பிடுவது குடும்பப் பெயரை வைத்து. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் என் கணவருக்கு அவர் அப்பா பெயர், எனக்கும் மகளுக்கும் என் கணவர் பெயர். ஒரே வீட்டில் ஏன் இரண்டு குடும்பப் பெயர் என்று வார்டு ஆபீஸில் பொறுமையாகக் கேட்டார்கள், பொறுமையாக விளக்கினோம், புரிந்ததாகத் தலையாட்டினார்கள். விளைவு என்னவென்றால், கணவரின் ஆபீஸே அவரை என் மாமனார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று பாட்டி வாயைப் பொத்திய வீட்டுப் பெண் நான். இங்கே டாக்டரிடம் போனால் நர்ஸ் என் கணவர் பெயரோடு மரியாதைக்கு 'சான்' சேர்த்துக் கூப்பிடுகிறார், நான் எழுந்து போகிறேன்.

மகளை எங்கே சேர்ப்பது என்பது எங்களை மிகவும் அலைக்கழித்த கேள்வி. 2004-லும் 2006-லும் டோக்கியோவில் இந்தியப் பள்ளிகள் வந்தன. அங்கே சேர்த்தால், ஊர் திரும்பினாலும் சி.பி.எஸ்.இ. தொடரும், ஆனால் கட்டணம் கட்டியாக வேண்டும். ஜப்பானிய அரசுப் பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைக்கும் கட்டணம் கிடையாது. மொழி வரும், தெருவில் சிநேகிதிகள் வருவார்கள், தமிழ் மெல்ல நழுவும். நாங்கள் அரசுப் பள்ளியில் சேர்த்தோம். சரிதானா என்று ஊர் திரும்பும்போது தெரியும்.

ஒன்றாம் வகுப்புக்கு முந்தின இரவுகளில் அம்மாக்கள் தூங்குவதில்லை. கணக்குப் பாடத்துக்கு ஒரு பெட்டி வாங்கச் சொல்வார்கள். உள்ளே எண்ணிப் பழகக் குச்சிகள், சட்டைப் பொத்தான் அளவில் வண்ண வில்லைகள். ஒவ்வொரு குச்சியிலும் ஒவ்வொரு வில்லையிலும் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும். கிரேயானிலும், கிரேயான் மூடியிலும் தனித்தனியாக. அரிசி அகல ஸ்டிக்கர்களை இடுக்கியால் பிடித்து ஒட்டினேன். இவ்வளவு கெடுபிடிக்குப் பிறகு, மஞ்சள் தொப்பியை மாட்டி, அந்த ஆறு வயதுப் பிள்ளையைப் பள்ளிக்குத் தனியாக நடந்து வரவிடச் சொன்னார்கள்! பள்ளி வேன் எங்கே என்று ஊரிலிருந்து என் அம்மா இன்னும் கேட்கிறாள். முனைக்கு முனை கொடி பிடித்து நிற்கும் பெரியவர்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு நெஞ்சு ஆறியது. மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளே வெள்ளை ஏப்ரன் கட்டிப் பரிமாறுகிறார்கள். வீட்டில் தட்டை எடுக்கச் சொன்னால் மட்டும் காது கேட்பதில்லை.

நிலநடுக்கத்துக்குப் பழகிவிடலாம்; எங்கள் பயம் வெள்ளம். இந்த வார்டின் நிலப்பரப்பில் சுமார் 70 சதவீதம் கடல் ஏற்றத்தின்போது உயரும் நீர்மட்டத்தைவிடத் தாழ்வானது. 2019-இல் வார்டு ஆபீஸ் வெளியிட்ட வெள்ள வரைபடம், பெருவெள்ளம் வந்தால் இங்கேயே தங்கியிருக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னது. தன் மக்களிடம் ஒரு உள்ளாட்சி இப்படிச் சொல்வதை என்னால் நம்பவே முடியவில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது முடிச்சூரில் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு இப்படி ஒரு தாள் யாரும் கொடுக்கவில்லை.

என்னோடு ஸ்டேஷன் பக்கத்துப் பூங்காவில் பேசிக்கொண்டிருக்கும் பெண்களில் பொறியாளர்கள் உண்டு, பேங்க் வேலையை விட்டு வந்தவர்கள் உண்டு. குடும்ப விசாவில் வந்தவர்கள் தனி அனுமதி வாங்கி வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். ஜப்பானிய மொழி தெரியாதவளுக்கு அந்த 28 மணி நேரத்தில் பெரும்பாலும் கிடைப்பது சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் வேலைதான்.

அதனால் அடுத்து வரப்போகிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. மிக்ஸியை ஊரிலேயே விட்டுவிடுங்கள். ஹிரகனா 46 எழுத்து, கதகனா 46. நம் 247-ஐப் படித்தவர்களுக்கு இது ஒரு பாரமே இல்லை. விமானம் ஏறுமுன் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிவிடுங்கள். மொழி வகுப்புக்குக் கம்பெனி பணம் தருகிறது என்றால், அது ஊழியருக்கு மட்டுமா, மனைவிக்கும் உண்டா என்று ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்கச் சொல்லுங்கள்.