‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால் அவசரப்படாதீர்கள்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம். திருப்பூர் வேலம்பாளையம் பக்கம், வீட்டோடு சேர்ந்த ஒரு சின்ன தையல் யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி-ஷர்ட்டின் நெஞ்சுப் பக்கம் வரவேண்டிய லோகோ டிசைனை மகன் வீட்டு லேப்டாப்பிலிருந்து பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டான். வெட்டிய பீஸ்களையும் பென் டிரைவையும் எடுத்துக்கொண்டு அம்மா எம்ப்ராய்டரி யூனிட்டுக்குப் போகிறார். மெஷினில் செருகினால் ஒன்றுமே காட்டவில்லை. அங்கிருக்கும் தம்பி அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிறார். ‘இந்த டிரைவைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்கிறது திரை.

“இதுல ஒண்ணுமே இல்லீங்கக்கா. ஃபார்மட் பண்ணிடட்டுங்களா?”

இருப்பது அந்த ஒரு டிசைன் மட்டுமல்ல. மகளின் சீர் போட்டோக்கள், காலமான மாமனாரின் கடைசிப் பொங்கல் வீடியோ எல்லாம் அதே பென் டிரைவில்தான். சரக்கு போனால்தான் சனிக்கிழமை சம்பளம் என்ற பதற்றத்தில், ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியது, “வேண்டாம் தம்பி, அப்படியே கழற்றிக் கொடுங்க.” ஏனென்றால், பென் டிரைவில் எல்லாமே பத்திரமாக இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவே.

பாபினும் பென் டிரைவும்

நூல் சுற்றிய பாபின் கையில் இருந்தால் மட்டும் தையல் விழாது. கேஸில் போட்டு மெஷினில் மாட்ட வேண்டும். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். பென் டிரைவைச் செருகியதும் அதன் உள்ளடக்க அமைப்பைப் புரிந்துகொண்டு, ஒரு ஃபோல்டராக நம் கண்முன் மாட்டி வைக்கிறது சிஸ்டம். இதைத்தான் ‘மவுண்ட்’ என்கிறார்கள். மவுண்ட் ஆகாத டிரைவ், மாட்டாத பாபின். நூல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இந்தச் சிக்கல் இப்போது பல வீடுகளுக்கு வரக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்களில் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச சிஸ்டங்களைப் போட்டுக்கொள்கிறார்கள். நமக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு ‘பாஸ் லினக்ஸ்’ என்ற சிஸ்டமும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. பல பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்!

எந்த டிரைவுக்கு எந்த ஃபார்மட்?

நம் கதையில் நடந்தது இதுதான். மகன் முன்பு ஒருமுறை பென் டிரைவை லினக்ஸில் ஃபார்மட் செய்தபோது, லினக்ஸுக்கு மட்டுமான ‘எக்ஸ்ட் 4’ வகையைத் தேர்ந்துவிட்டான். அது விண்டோஸுக்கும் எம்ப்ராய்டரி மெஷினுக்கும் புரியாத பாஷை.

தீர்வு எளிது. பென் டிரைவை வீட்டு லேப்டாப்பிலேயே செருகி, எல்லாவற்றையும் லேப்டாப்புக்கு நகல் எடுங்கள. இரண்டு மூன்று படங்களைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியில் பென் டிரைவைத் தேர்ந்து, ‘எல்லா சிஸ்டங்களுக்கும்’ என்று குறிப்பிட்டிருக்கும் ‘ஃபேட்’ வகையில் ஃபார்மட் செய்து, டிசைனை மறுபடி ஏற்றுங்கள். கவனம்: அந்தப் பட்டியலில் லேப்டாப்பின் சொந்த ஹார்ட் டிஸ்க்கும் இருக்கும். 16 ஜிபி, 32 ஜிபி என்று அளவைப் பார்த்து, இதுதான் பென் டிரைவ் என்று தெரிந்த பிறகே கை வையுங்கள்.

எம்ப்ராய்டரி மெஷினுக்குப் போகும் பென் டிரைவுக்கு ‘ஃபேட் 32’ பாதுகாப்பான தேர்வு. ஆனால் அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது. கல்யாண வீடியோ போன்ற பெரிய ஃபைல்களுக்கு ‘எக்ஸ்ஃபேட்’ நல்லது. 2019 நவம்பரில் வெளியான லினக்ஸ் 5.4 பதிப்பிலிருந்து லினக்ஸே அதை நேரடியாகப் புரிந்துகொள்கிறது.

போன் தெரியவில்லையா?

போனை லேப்டாப்பில் மாட்டினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது, போட்டோக்கள் தெரியவில்லை என்பது அடுத்த புகார். வரிசையாக இவற்றைப் பாருங்கள்.

முதலில் கேபிள். சாதாரண யு.எஸ்.பி கேபிளுக்குள் கரண்டுக்கு இரண்டு கம்பி, தகவலுக்கு இரண்டு கம்பி இருக்கும். மலிவான சில கேபிள்களில் தகவல் கம்பியே இருக்காது. வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள். பாதிப் பிரச்னை இங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, போனின் பூட்டைத் திறந்து வையுங்கள். மேலிருந்து திரையை இழுத்தால் யு.எஸ்.பி பற்றிய அறிவிப்பு இருக்கும். அதைத் தொட்டு, சார்ஜிங் என்பதை ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்று மாற்றுங்கள். ஐபோன் என்றால், ‘இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?’ என்ற கேள்விக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு போன் பென் டிரைவ் மாதிரி தன்னை முழுதாக ஒப்படைப்பதில்லை. கடைக்காரர் மாதிரி, கேட்ட பொருளை மட்டும் உள்ளிருந்து எடுத்துத் தரும். அதனால்தான் ‘டிஸ்க்ஸ்’ பட்டியலில் போன் வராது. ஃபைல்கள் பார்க்கும் விண்டோவில்தான் வரும். ஆயிரக்கணக்கில் படங்கள் உள்ள ஃபோல்டர் திறக்க நேரமும் ஆகும். பொறுமையிழந்து கேபிளைப் பிடுங்காதீர்கள்.

படிக்கலாம், எழுத முடியாது!

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் லேப்டாப்பில் இது சகஜம். விண்டோஸ் பகுதியில் உள்ள பில்களை லினக்ஸில் திறக்க முடிகிறது, திருத்திச் சேமிக்க முடியவில்லை. சில நேரம் திறக்கவே மறுக்கும். காரணம், விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். பாதியில் விட்ட வேலையை இன்னொருவர் கலைத்துவிடக் கூடாது என்று லினக்ஸ் ஒதுங்கி நிற்கிறது. விண்டோஸுக்குப் போய், ஷிஃப்ட் பட்டனை அழுத்தியபடியே ஷட்டவுன் கொடுங்கள். கண்ட்ரோல் பேனலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டால் நிரந்தரத் தீர்வு.

ஓடும்போது கழற்றாதீர்கள்

நகல் எடுத்து முடிந்ததாகத் திரையில் காட்டிய உடனே பென் டிரைவைப் பிடுங்குவது பலருக்குப் பழக்கம். லினக்ஸ் ஃபைலை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பிறகுதான் பென் டிரைவில் மெல்ல எழுதும். பாதியில் உருவினால் ஃபைலின் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஃபைல் விண்டோவில் டிரைவின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ‘எஜெக்ட்’ அம்புக்குறியை அழுத்தி, ‘இப்போது எடுக்கலாம்’ என்ற அறிவிப்பு வந்த பிறகு எடுங்கள். ஓடும் மெஷினில் யாராவது பாபினைக் கழற்றுவார்களா?

ஃபார்மட் ஆகியே விட்டதா?

அப்போதும் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். விரைவு ஃபார்மட் பெரும்பாலும் ஃபைல்களின் பட்டியலைத்தான் அழிக்கிறது. படங்கள் அடியில் கிடக்கும். செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த டிரைவில் புதிதாக எதையும் ஏற்றாமல் ஓரமாக வைப்பது. புதிதாக எழுத எழுத, பழையது நிஜமாகவே அழியும். ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருள் அடியில் கிடக்கும் படங்களைத் தேடி எடுக்கும். மீட்டதை வேறொரு டிரைவில்தான் சேமிக்க வேண்டும். ஃபைல்களின் பழைய பெயர்கள் பெரும்பாலும் திரும்ப வராது; படங்கள் வந்தால் போதாதா?

போனுக்குள் இருக்கும் மெமரி கார்டையும் வெளியே எடுத்து, கார்டு ரீடரில் போட்டு இப்படித் தேடலாம். ஆனால் போனின் சொந்தச் சேமிப்பில் அழிந்ததை இந்த வழியில் எடுக்க முடியாது. கேலரியின் குப்பைத்தொட்டியை முதலில் பாருங்கள்.

இத்தனைக்கும் மேலே ஒரு பழக்கம் போதும். தொழிலுக்கு ஒரு பென் டிரைவ், குடும்பப் படங்களுக்கு வேறொரு டிரைவ், அந்தப் படங்களுக்கு இன்னொரு இடத்திலும் ஒரு நகல். பிறகு எந்த யூனிட்டில், எந்தத் தம்பி ‘ஃபார்மட் பண்ணட்டுங்களா?’ என்று கேட்டாலும், மாமனாரின் பொங்கல் வீடியோ வீட்டில் பத்திரமாக இருக்கும்.