ஊன்றுகோல் தந்த தெய்வம்

சென்ற வாரம், மணப்பந்தலிலே வந்து நம்பியாரூரரின் விவாகத்தைத் தடுத்த கிழ வேதியர், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையிலே ஓலை காட்டி வழக்கிட்டு, அவர் தமக்கு அடிமை என்று தீர்ப்புப் பெற்ற வரலாற்றைக் கண்டோம். அந்த வழக்கிலே வாதி, வேதியராக வந்த இறைவர்; தோற்றவர், நம்பியாரூரராகிய சுந்தரர். இந்த வாரம் நாம் காணப்போகும் வழக்கிலோ வாதியாக நிற்பவர் சுந்தரர். நேர்மையாக நடந்தவனுக்கும் துன்பம் வருகிறதே, செய்த பிழைக்கு மிஞ்சிய தண்டனை நேர்கிறதே, இந்த நிலையில் இறைவனுடைய சித்தத்தை எப்படி நம்புவது என்று கேட்டு வருந்துகிறவர்களுக்கு, பெரிய புராணத்திலே இதைவிடப் பொருத்தமான பகுதி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

திருவாரூரிலே பரவையாரை மணந்து வாழ்ந்த சுந்தரர், தல யாத்திரையாகத் திருவொற்றியூருக்கு வந்தபோது, அங்கே இறைவனுக்குப் பூமாலை தொடுக்கும் தொண்டு செய்து வந்த சங்கிலியாரைக் கண்டு, அவரைத் தமக்குத் தந்தருள வேண்டும் என்று இறைவனிடமே விண்ணப்பம் செய்தார். சங்கிலியாரோ, ஆரூரை மறக்க மாட்டாத ஒருவர் தம்மை விட்டுப் பிரிந்துவிடுவாரே என்று அஞ்சினார். பிரியேன் என்று சந்நிதியில் சபதம் செய்து கொடுத்தால் மணம் நடக்கும் என்று ஏற்பாடாயிற்று. எல்லாத் தலங்களையும் வணங்கத் திரிகின்ற தமக்கு அந்தச் சபதம் தளையாகுமே என்று எண்ணிய சுந்தரர், தாம் சபதம் செய்யும் நேரத்திலே கருவறையை விட்டு மகிழ மரத்தடியில் எழுந்தருளியிருக்க வேண்டும் என்று தம் தோழராகிய இறைவரை வேண்டிக்கொண்டார், இறைவரும் இசைந்தார். இசைந்தவர் அதே இரவில் சங்கிலியார் கனவிலே தோன்றி, சபதத்தை மகிழ மரத்தடியிலேயே வாங்கிக்கொள் என்றும் சொல்லிவிட்டார். மறுநாள் மறுக்க வழியில்லாமல் அந்த மரத்தடியிலேயே சுந்தரர் சபதம் செய்தார். ஒற்றியூரிலே மாசித் திருவிழாவில் நடைபெறும் மகிழடி சேவை அந்த நிகழ்ச்சியின் நினைவாகவே இன்றும் நடந்து வருகிறது.

பிறகு வசந்த காலம் வந்தது. தென்றல் வீசக் கண்ட சுந்தரருக்கு ஆரூரின் வசந்த விழாவும், அதில் பரவையாரின் ஆடலும் பாடலும் நினைவில் எழ, அந்த நினைவைத் தாங்க மாட்டாமல் புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்களும் மறைந்தன.

சபதத்தை மீறினார், தண்டனை பெற்றார் என்று இதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். அவ்வாறு முடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கதையைச் சற்று நிதானமாகப் படிப்பவர்களுக்கு அந்தச் சமாதானம் போதாது. மணத்தைக் கூட்டி வைத்தவர் இறைவர். சபதத்துக்கு வழி சொன்னவர் அவர். தோழருக்கு ஒன்று சொல்லிவிட்டு, தோழர் நழுவ முடியாதபடி சங்கிலியாருக்கு மற்றொன்று சொன்னவரும் அவர். அப்படியிருக்கக் கண்ணிழந்து நடுவழியில் நிற்பவர் மட்டும் சுந்தரராக இருப்பது என்ன நியாயம்? இந்தக் கேள்வியைப் பெரிய புராணம் பாடிய சேக்கிழார் மூடி மறைக்கவில்லை. சுந்தரரும் மறைக்கவில்லை.

12-ஆம் நூற்றாண்டிலே அநபாய சோழனுடைய காலத்தில் வாழ்ந்த சேக்கிழார் தம் காப்பியத்தை அமைத்த முறையை இங்கே கவனிக்க வேண்டும். அவர் கதையைச் சுந்தரர் பிறந்த திருநாவலூரிலே தொடங்காமல் கயிலையிலே தொடங்குகிறார். அங்கே நந்தவனத்தில் மலர் கொய்யச் சென்ற ஆலாலசுந்தரர் மனம், உமையம்மையின் சேடியரான கமலினி, அநிந்திதை என்னும் இருவர்மேல் சென்றது. அதனால் மூவரும் மண்ணுலகில் பிறந்து, இன்பம் நுகர்ந்து, மீண்டு வருமாறு இறைவர் ஆணையிட்டார். ஆலாலசுந்தரர் சுந்தரராகவும், கமலினி பரவையாராகவும், அநிந்திதை சங்கிலியாராகவும் பிறந்தனர். ஆகவே, நூலைப் படிக்கிற நமக்கு ஒற்றியூர் மணமும் ஆரூர் மணமும் முன்னமே வகுக்கப்பட்டவை என்பதும், எல்லாம் மீண்டும் கயிலையிலே போய் முடியும் என்பதும் முதல் ஏட்டிலேயே தெரிந்துவிடுகின்றன. வெண்ணெய்நல்லூரிலே இந்தச் செய்தியைச் சுந்தரருக்கும் இறைவர் உணர்த்தத்தான் செய்தார். இருந்தும் ஒற்றியூர் எல்லையிலே உலகம் இருண்டபோது, அந்தச் செய்தி அவருடைய அழுகையை நிறுத்தவில்லை. முடிவு நன்றாக இருக்கும் என்று அறிந்திருப்பது வேறு, இருட்டிலே அடுத்த அடியை எங்கே வைப்பது என்று அறிவது வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் காப்பியம் காட்டியிருக்கிறது? நூலைப் படிக்கும்போது நாம் கயிலையிலே அமர்ந்து படிக்கிறோம். நம்முடைய வாழ்க்கையை வாழும்போதோ அந்த வழியிலேதான் நடக்கிறோம்.

கண்ணிழந்த சுந்தரர் திரும்பி ஒற்றியூருக்குப் போய்விடவில்லை. கடவுளே வேண்டாம் என்று சோர்ந்து அமர்ந்துவிடவும் இல்லை. வழிகாட்ட ஆள் துணை கொண்டு, வழியிலுள்ள தலந்தோறும் பாடிக்கொண்டே நடந்தார். திருமுல்லைவாயிலைக் கடந்து திருவெண்பாக்கம் வந்து சேர்ந்தார். அங்கே சந்நிதியில் நின்று, கோயிலின் உள்ளே இருக்கிறீரோ என்று கேட்டார். எத்தனை வேதனை நிறைந்த கேள்வி அது! தெய்வம் எங்கும் இருக்கிறது என்று உலகுக்குப் பாடியவர், கண்ணிருந்த காலத்திலே ஒருநாளும் கேட்க நேராத கேள்வியை அன்று கேட்டார். அதற்கு வந்த விடையோ அதைவிடக் கொடியதாக இருந்தது. இருக்கிறோம், நீர் போம் என்று, முன்பின் அறியாத ஒருவருக்குச் சொல்வது போல இறைவர் சொன்னார். சொன்னவர் ஊன்றி நடக்க ஒரு கோலையும் கொடுத்தார்.

இந்த ஒரு கோலைப் பற்றி எவ்வளவு சிந்தித்தாலும் எனக்குத் தீரவில்லை. கேட்டது கண்; கிடைத்தது கோல். ஏன் என்ற கேள்விக்கு விளக்கம் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் கோல் கொடுப்பவர் மேலும் நடக்கச் சொல்கிறார் என்பதும், நடந்து சேர வேண்டிய இடம் ஒன்று உண்டு என்பதும் அந்தக் கொடையிலேயே அடங்கியிருக்கின்றன. சுந்தரர் கோபத்திலே அந்தக் கோலை வீசினார் என்றும், அது பட்டு நந்தியின் கொம்பு ஒன்று ஒடிந்தது என்றும் அந்தத் தலத்திலே கதை சொல்கிறார்கள். சேக்கிழார் சொல்லாத கதைதான். ஆயினும் அடியாரின் சினத்தை ஊர் மக்கள் தவறாகக் கருதவில்லை என்பதற்கு அது சாட்சியாக நிற்கிறது. பழைய கோயில் இருந்த நிலம், சென்னை நகரத்தின் குடிநீருக்காக 1944-ஆம் ஆண்டிலே கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் சென்றுவிட்டது. வெண்பாக்கத்து இறைவராகிய ஊன்றீசுவரர் இப்போது பூண்டியிலே வேறு கோயிலில் எழுந்தருளியிருக்கிறார்.

துக்கம் விசாரிக்கப் போகிற வீட்டிலே, பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் எதிரே அமர்ந்துகொண்டு, "எல்லாம் அவரவர் வினை அம்மா" என்று சொல்கிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் அவளுடைய கையில் ஒரு கோலைக்கூடக் கொடுப்பதில்லை. அவள் வாயை மட்டும் அடைத்துவிடுகிறது. அழுகிறவள் கடவுளோடு வழக்காடுகிறாள் என்றால், அவள் இன்னும் கடவுளோடுதான் பேசிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பேச்சைத் தடுப்பதற்கு நமக்கு என்ன உரிமை?

சுந்தரர் காஞ்சிபுரம் வந்து ஏகம்பத்திலே வணங்கியபோது இடக்கண் கிடைத்தது. ஒரு கண்தான். ஆயினும் அங்கே பாடிய பதிகத்தில் மற்றொரு கண்ணுக்கான முறையீடு இல்லை. காணக் கிடைத்ததே என்ற வியப்பு ஒன்றே பாட்டுத்தோறும் மீண்டும் மீண்டும் பொங்குகிறது. அதன்பின் துன்பம் ஓய்ந்ததா என்றால் அதுவும் இல்லை. சோழ நாட்டிலே உடலில் நோய் வந்தது; திருத்துருத்தியிலே குளத்தில் மூழ்கி அது தீர்ந்தது. பிறகுதான் திருவாரூர்.

வெண்பாக்கத்திலே பாடியபோது, பிழையைப் பொறுப்பீர் என்று நம்பித்தானே பிழை செய்தேன் என்று தம் குற்றத்தை ஒப்புக்கொண்ட சுந்தரர், திருவாரூர்ச் சந்நிதியிலே பாடிய பதிகத்தில், நான் குற்றம் ஒன்றும் செய்யவில்லையே, ஏன் என் கண்ணைக் கெடுத்தீர், பழி உமக்குத்தான் என்று நேருக்கு நேர் குற்றஞ் சாட்டுகிறார். மேட்டிலே முட்டிப் பள்ளத்திலே விழும் குருடனின் அவதியைச் சொல்கிறார். மீட்க முடியாத அடிமையாகத் தம்மை ஒப்படைத்தவர்கள் முகம் வாடித் தங்கள் அல்லலைச் சொன்ன பிறகும் வாளா இருப்பீரானால், நீர் மட்டும் சுகமாக இருந்துகொள்ளும் என்கிறார். ஒரே மனிதர் ஒரே துன்பத்தைப் பற்றிப் பாடிய இந்த இரண்டு பதிகங்களும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அந்த முரண்பாட்டை நீக்க நான் முயலவில்லை. துன்பத்தில் இருப்பவன் ஒருநாள் தன்னையே நொந்துகொள்வான். மறுநாள் தெய்வத்தை நொந்துகொள்வான். இரண்டும் உண்மையாகவே அவன் நெஞ்சிலிருந்து வருவன. இரண்டையும் பாதுகாத்து, திருமுறையிலே சேர்த்து, சந்நிதியிலேயே ஓதும்படி வைத்த நம் முன்னோரின் பக்தி எவ்வளவு அச்சமற்றதாக இருந்திருக்க வேண்டும்! அந்தப் பதிகத்தின்மேல்தான் வலக்கண்ணும் கிடைத்தது. பழி கூறியவரை இறைவர் தண்டிக்கவில்லை.

கண்கள் வந்தும் பரவையார் வீட்டுக் கதவு திறக்கவில்லை. ஒற்றியூர் மணத்தைக் கேள்வியுற்ற அவர் சுந்தரரை ஏற்க மறுத்துவிட்டார். அவருடைய ஊடலிலும் நியாயம் இருந்தது. அப்போது சுந்தரர் மீண்டும் தம் தோழரையே அழைத்தார். வெண்பாக்கத்திலே நீர் போம் என்று அந்நியர் போலப் பேசிய அதே இறைவர், நள்ளிரவிலே அர்ச்சகர் வடிவம் கொண்டு ஆரூர்த் தெருவிலே நடந்து பரவையார் வீட்டுக்குத் தூது சென்றார். பரவையார் இணங்கவில்லை, இறைவர் திரும்பி வந்தார், சுந்தரர் மன்றாடவே, அந்த இரவிலேயே, இம்முறை தம் சொந்தத் திருவுருவோடு, மறுபடியும் சென்றார். ஆண்டவனை ஒரு பெண்ணின் வீட்டுக்கு இருமுறை நடக்க வைத்த இந்தச் செய்தி சிவனடியாரான ஏயர்கோன் கலிக்காமர் காதுக்கு எட்டியபோது, அவர் அடைந்த சினத்துக்கு அளவில்லை. சுந்தரரை மன்னிக்க மறுத்த அந்தச் சினமும் பக்தியிலே பிறந்ததுதான். அதைத் தீர்க்க இறைவர் அவருக்கு ஒரு சூலை நோயைக் கொடுத்தார். அந்த நோய்க்கு மருந்தாக யாரை அனுப்பினார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.