ஐந்து சதத்தின் ஆயுள்

யூனியன்வில்லில் எம்மவர் வீடுகளில் வாசலோர அலுமாரியைத் திறந்தால் பைகள் சரிந்து விழுகின்றன. பலமுறை பயன்படுத்தவென வாங்கிய தடித்த பைகள் அவை. முன்னர் வாங்கியவை வீட்டிலேயே கிடந்ததால், கடையில் நின்று மீண்டும் மீண்டும் வாங்கியவை.

இக்கதையின் தொடக்கம் ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே உள்ளது. ரொறன்ரோ நகரசபை 2009 யூன் 1 முதல் பிளாஸ்ரிக் பை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஐந்து சதம் அறவிடுமாறு கடைகளைப் பணித்தது. நாம் மார்க்கம் நகரத்தவர். அவ்விதி எம்மைக் கட்டுப்படுத்தவில்லை. ஆயினும் மீனுக்கும் மரக்கறிக்கும் ஸ்காபரோ செல்லாத தமிழ்க் குடும்பம் எது? ஐந்து சதத்தால் எவரும் ஏழையாகிவிடவில்லை. ஆனால் "பை வேண்டுமா?" என்று காசாளர் கேட்ட அக்கணத்தில் நாம் தயங்கினோம். வேலை செய்தது கேள்வியே, காசு அன்று. பைகளின் பாவனை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென நகரசபை அலுவலர் அறிவித்தனர்.

2012 யூலையில் அந்த விதி நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முழுத் தடை வருமென முடிவெடுத்த அதே நகரசபை, நவம்பரில் அதையும் கைவிட்டது. கேள்வி கேட்காத கடைகளில் எமது கைகள் பழையபடி நீண்டன.

இத்தகைய மெல்லிய உந்துதல்களைப் பற்றி ரிச்சர்ட் தேலரும் காஸ் சன்ஸ்டீனும் 2008 இல் நூலொன்று எழுதினர். தேலருக்கு 2017 இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தது. கட்டணம் அறவிடுவது அவர்களின் இலக்கணத்துள் அடங்காது எனச் சிலர் வாதிடலாம். ஐந்து சதத்தைக் கட்டணம் என்பதற்கு எமக்குத்தான் நா எழவில்லை.

தென்னாபிரிக்காவில் 2003 இல் பைக்கு விலை வைத்தபோது பாவனை சடுதியாக வீழ்ந்தது. விலையைக் குறைத்ததும் மீண்டும் ஏறியது. அயர்லாந்தில் 2002 இல் 15 சதம் அறவிட்டனர். பாவனை பத்தில் ஒரு பங்கிலும் கீழே இறங்கியது. ஆயினும் மக்களுக்கு அத்தொகை பழகிப்போக, எண்ணிக்கை சிறிது சிறிதாக ஏறத் தொடங்கியது. 2007 இல் 22 சதமாக உயர்த்த வேண்டியதாயிற்று. முதல் நாள் உறுத்திய காசு, நாளடைவில் பற்றுச்சீட்டில் இன்னொரு வரியாகிவிடுகிறது. உறுத்தல் இருக்கும்போதே கைக்கு வேறொரு பழக்கம் வந்திருந்தால் அன்றி, அது போனதும் எல்லாம் போய்விடும்.

கனடிய மத்திய அரசு 2022 இல் விதித்த தடையோடு மெல்லிய பைகள் கடைகளிலிருந்து மறைந்தன. பழக்கம் மறையவில்லை, தடித்த பைக்கு மாறியது. அலுமாரி நிரம்பிய கதை இதுவே.

ஊரில் சந்தைக்குப் புறப்பட்டவரிடம் எவரும் பை வேண்டுமா எனக் கேட்டதில்லை. பனையோலை உமல் சைக்கிள் கைபிடியிலேயே தொங்கியது. அதை ஒரு கொள்கையாக அன்று எவரும் கருதவுமில்லை.

எமக்குத் தெரிந்த வீடொன்றில் அம்மம்மா கார்ச் சாவி கொழுவியிலேயே இரண்டு துணிப்பைகளைக் கொழுவிவிட்டார். பையைத் தொடாமல் சாவியை எடுக்க இயலாது. இரண்டு பனிக்காலங்கள் கழிந்தும் அங்கு புதுப் பை வந்து சேரவில்லை. மருமகன் மட்டும் பையைக் காருக்குள் மறந்துவிட்டுக் கடைக்குள் போகிறாராம். பாதி வழியில் திரும்பி ஓடிவந்து எடுத்துச் செல்கிறாராம். பற்றுச்சீட்டை அம்மம்மா பார்ப்பார்.