லான்ட்மாஸ்டரில் வாய்க்கால் கொழு: பொருத்துதலும் பாதுகாப்பாகப் பயன்படுத்தலும்

பல வருடங்கள் பற்றை மூடிக் கிடந்த காணிக்குத் திரும்பியவர்களுக்கு, பற்றை வெட்டிய பின் வரும் பெரிய வேலை வாய்க்கால் வெட்டுவது. ஐப்பசி மழைக்கு முன் வெள்ளம் வடிய வழி செய்யாவிட்டால் முற்றத்திலும் பயிரிலும் நீர் நிற்கும். மண்வெட்டியால் பல நாள் எடுக்கும் இந்த வேலையை, லான்ட்மாஸ்டரின் பின்னால் பூட்டும் சிறிய கொழு ஒன்றினால் விரைவாக முடிக்கலாம். ஆனால் கொழு, மண்ணுக்குள் மறைந்திருப்பவற்றையும் கிளறும். ஆகவே முதலில் காணியைப் பற்றி அறியுங்கள்.

தொடங்குமுன் கேட்க வேண்டியவை

மிதிவெடி அகற்றும்போது காணி குறிப்பிட்ட ஓர் ஆழம் வரையே சோதிக்கப்படுகிறது. உங்கள் காணி விடுவிக்கப்பட்டதா, எவ்வளவு ஆழம் வரை சோதிக்கப்பட்டது என்பவற்றைக் கிராம அலுவலர் மூலம் கேட்டறியுங்கள். அந்த ஆழத்துக்குக் கீழே கொழுவை இறக்க வேண்டாம். பழைய பதுங்குகுழி, மண் அணை, காவலரண் இருந்த இடங்களையும், சிவப்புப் பலகை நட்ட எல்லையையும் தவிருங்கள்.

கொழுவைச் செய்வித்தல்

தேவையானவை ஓர் இரும்புத் தண்டு, பழைய லொறி வில்லுத்தகட்டில் வெட்டிய முனை, மண்ணை இரு பக்கமும் ஒதுக்கும் இரண்டு தகட்டுச் சிறகுகள். இவற்றை ஊரிலுள்ள வெல்டிங் கடையில் செய்விக்கலாம். வில்லுத்தகட்டை ஒட்டினால் விரிசல் விழக்கூடும். போல்ற் போட்டுப் பூட்டச் சொல்லுங்கள். தேய்ந்ததும் முனையை மட்டும் மாற்றலாம். தண்டில் 2 அங்குல இடைவெளியில் துளைகள் இருந்தால் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

பொருத்துதல்

1. சமதரையில் நிறுத்தி, இயந்திரத்தை நிற்பாட்டுங்கள். முன் தாங்கியை இறக்குங்கள்.
2. பெட்டி அல்லது ரொட்டவேற்றர் இருந்தால் கழற்றுங்கள்.
3. கொழுத் தண்டைப் பின் கொளுவியில் இரண்டு போல்ற்றால் பூட்டுங்கள். கீழ்ப் போல்ற் தடித்ததாகவும், மேல் போல்ற் மெல்லியதாகவும் இருக்கட்டும். வேரில் சிக்கினால் மெல்லிய போல்ற் முறியும், கியர்பெட்டி தப்பும். முறிந்த போல்ற்றுக்குப் பதிலாகத் தடித்ததைப் போடாதீர்கள்.
4. முனை சற்றுக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மிகவும் சரிந்தால் கொழு ஆழப் புதைந்து சில்லுகள் சுற்றும். நிமிர்ந்தால் மண்ணின் மேல் வழுக்கும்.

வெட்டுதல்

வன்னிச் செம்மண் காய்ந்தால் கல்லாகும், நனைந்தால் ஒட்டும். மழை பெய்து சில நாட்களின் பின், கையில் பிடித்த மண் உதிரும் பதத்தில் வெட்டுவது நல்லது.

கயிறு கட்டிக் கோடு போடுங்கள். முதலாம் கியரில், முதல் தடவை 3 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அடுத்த தடவைகளில் சிறிது சிறிதாக, உங்களுக்குச் சொல்லப்பட்ட ஆழத்துக்குள் நின்று இறக்குங்கள். கைபிடியை உயர்த்தினால் கொழு மேலெழும். திருப்புமுன் கொழு முழுதாக மண்ணைவிட்டு வெளியே வர வேண்டும். சரிவில் இறங்கும்போது ஒரு பக்கக் கிளச்சைப் பிடித்தால் இயந்திரம் எதிர்ப்பக்கம் திரும்பும். வரம்பில் இறங்கும்போது மிகக் கவனம். மரத்துக்கோ சுவருக்கோ முதுகு காட்டி நின்று பின் கியர் போடாதீர்கள்.

சாரத்தை மடித்துக் கட்டுங்கள்; தொங்கும் துணி பெல்ற்றில் சிக்கும். சப்பாத்து அணியுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

இயந்திரம் திடீரென இழுபட்டு நின்றால்

கிளச்சை விடுவித்து இயந்திரத்தை நிற்பாட்டுங்கள். அலவாங்கால் குத்தவோ, இயந்திரத்தை முன்னும் பின்னும் ஆட்டி இழுக்கவோ வேண்டாம். தள்ளி நின்று கண்ணால் மட்டும் பாருங்கள். வேர் அல்லது கல் என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே மண்ணை விலக்குங்கள். உலோகம், பிளாஸ்டிக், கம்பி, துணிப்பை எது தெரிந்தாலும், எதுவென்று விளங்காவிட்டாலும், தொடாதீர்கள். இயந்திரத்தை அங்கேயே விட்டு, நீங்கள் வந்த தடத்தின் வழியே திரும்பி வாருங்கள். தூரத்தில் நின்று மற்றவர்களைத் தடுத்து, கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ (119) அறிவியுங்கள்.

லான்ட்மாஸ்டர் இரவல் வாங்கியதாக இருந்தாலும் அதை எடுப்பதற்காகத் திரும்பிப் போகாதீர்கள். அவர்கள் வந்து பார்த்த பின் எடுத்துக்கொள்ளலாம்.