வடம் இழுக்கும், நிறுத்துவது யார்?

பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் மயிலாப்பூர் மாட வீதிகளில் கபாலீசுவரர் தேர் அசைந்து வரும்போது ஊரே அண்ணாந்து பார்க்கும். தேரை நிறுத்த முட்டுக்கட்டை போடுகிறவர்களின் பார்வை மட்டும் சக்கரத்தை விட்டு விலகாது. வடம் பிடிக்க ஆயிரம் கைகள் உண்டு. ஆனால் வடத்துக்கு இழுக்கத்தான் தெரியும்; நிறுத்தத் தெரியாது. திருவாரூர் ஆழித் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியதும் அதனால்தான்.

சிறிய எஸ்.யூ.வி.க்கு டிரெய்லர் கொக்கி மாட்ட நினைப்பவரும் இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

பிரேக் போட்டதும் டிரெய்லர் காரை முன்னே தள்ளும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அதன் மூக்கு காரின் பின்புறத்தை அமுக்கும், தூக்கும். இத்தனையையும் தாங்கத்தான் காரின் கொக்கியில் இரும்புக் குமிழும், டிரெய்லரில் அதைக் கவ்வும் கிண்ணமும். குமிழின் விட்டம் ஐரோப்பாவில் 50 மி.மீ.; அமெரிக்காவில் பரவலான 2 அங்குலக் குமிழோ 50.8 மி.மீ. இரண்டு அங்குலக் கிண்ணத்தை 50 மி.மீ. குமிழில் மாட்டினால் அந்த 0.8 மி.மீ. இடைவெளியே ஆபத்து, குலுக்கலில் கிண்ணம் கழன்றுவிடலாம்.

அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கொக்கி வாங்கும்போது, அது எவ்வளவு தடிமன் என்பதைவிட எங்கே போல்ட் போடப்படும் என்று கேட்பதே முக்கியம். பம்பரின் மெல்லிய தகட்டில் பிடித்தது எதையும் இழுக்காது. வண்டியின் அடிச்சட்டத்தில், கார் நிறுவனம் குறித்த இடத்தில் பிடித்ததே இழுக்கும்.

எவ்வளவு எடையை இழுக்கலாம்? மறைமலை நகரில் தயாராகி, 2018 முதல் அமெரிக்காவில் விற்பனையான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் நல்ல உதாரணம். அங்கே 2 லிட்டர் எஞ்சின் வண்டிக்கு விதித்த வரம்பு 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ. அதே உடல் கொண்ட 1 லிட்டர் வண்டிக்கு 1,400 பவுண்டு, சுமார் 635 கிலோ. 900 கிலோ தாங்கும் கொக்கியைச் சின்ன எஞ்சின் வண்டியில் மாட்டினாலும் வரம்பு 635 கிலோதான். கார், கொக்கி, குமிழ், டிரெய்லர் ஆகியவற்றில் எது மிகக் குறைவோ அதுவே கணக்கு.

அடுத்தது மூக்கு எடை, அதாவது டிரெய்லரின் முன்முனை குமிழை அமுக்கும் எடை. நாகேஸ்வரராவ் பூங்காவில் சீசா பலகையில் ஆடும் குழந்தைகளுக்கே புரிகிற விஷயம் இது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர் உள்ள காரில், பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 100 கிலோ அமுக்கினால், முன் சக்கரங்களின் மேலுள்ள சுமை 40 கிலோ குறையும். பின் சக்கரங்களில் 140 கிலோ கூடும். அளவு மீறினால் ஸ்டியரிங் பிடி தளரும். அதற்காக மூக்கை லேசாக்கிச் சுமையைப் பின்னால் தள்ளினால், வேகம் கூடக் கூட டிரெய்லர் வாலாட்டும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் குமிழின் மேல் அமர வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றும் அளவு.

முட்டுக்கட்டையின் வேலையும் இருக்கிறது. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம்.

சென்னைக்காரருக்கு இழுவை பெரும்பாலும் மழைக்காலத்தில்தான் தேவைப்படும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நின்றுபோன கார்களைப் பார்த்த ஊர் இது. பல கார்களில் இதற்கென ஓர் இரும்பு வளையம் ஜாக்கியோடு டிக்கியில் இருக்கும். பம்பரிலுள்ள சிறு மூடியைக் கழற்றி அதைத் திருகிப் பொருத்த வேண்டும். நின்றுபோன காரை மெதுவாக இழுக்கத்தான் அது, டிரெய்லருக்கு அல்ல. ஆட்டோமேட்டிக் காராக இருந்தால் கயிறே வேண்டாம். மேடை லாரியில் ஏற்றுவதே நல்லது.

கயிற்றில் இழுபடும் காருக்குள் இருப்பவர்தான் அங்கே முட்டுக்கட்டை. எஞ்சின் ஓடாததால் இரண்டு மூன்று மிதியிலேயே பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டு விடுபட்டதை உறுதி செய்துகொண்டு, கயிறு தளரத் தொடங்கும் கணத்திலேயே அவர் அழுத்தி மிதிக்க வேண்டும்.